மைக் வேண்டாம் அங்கிள்

நியூ ஜெர்சி பார்சிப்பனியில் நின்று தும்மினால் பென்சில்வேனியாவிலிருந்து 'பிளெஸ் யூ' என்று பதில் வரக்கூடிய தொண்டை, எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவருடைய பாஸ்போர்ட் மட்டும்தான் பயன்படுத்தியது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அவர் 'மைக் வேண்டாம் அங்கிள்'.

பெயர் வந்தது ஒரு பொங்கல் விழாவில். மகள் கோமதி வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்த புதிது. சென்னையில் இருபத்தைந்து வருஷம் சபா நாடகங்களில் நடித்தவர் என்று கேள்விப்பட்டு, 'அங்கிள் ரெண்டு வார்த்தை பேசணும்' என்று மேடைக்குக் கூப்பிட்டுக் கையில் மைக்கைக் கொடுத்தோம். செத்த எலியை வாலைப் பிடித்து வாங்குவதுபோல் வாங்கினார். பக்கத்திலிருந்த பொருளாளர் மடியில் வைத்தார். "மைக் வேண்டாம்" என்றார். ஹால் கதவுக்கு வெளியே வடை வரிசையில் நின்றவர்கள் தாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து வரிசையைச் சரிசெய்துகொண்டார்கள். கார் பார்க்கிங்கில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்துவிட்டது.

பகலில் அரசாங்க ஆபீஸில் கிளார்க், சாயங்காலம் சக்கரவர்த்தி என்பதுதான் அவருடைய பழைய வாழ்க்கை. பிறகு வயதாகி, சக்கரவர்த்தியின் அப்பாவானார். பிறகு, சக்கரவர்த்தியின் அப்பா இறந்துவிட்ட பிறகு தொடங்கும் நாடகங்களாகவே எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்பார். எல்லாம் போனபின்னும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. "கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கான்" என்பது அவருடைய கொள்கை. அமெரிக்காவில் அவருக்குக் கடைசி வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதுதான் பிரச்சினை.

காபிக் கடை டிரைவ் த்ரூவில் காருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும், அதனிடம் நமக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும். அங்கிள் அந்த டப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "டப்பாகிட்ட எல்லாம் நான் பேச மாட்டேம்மா" என்று கோமதியிடம் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அறுபது அடி தள்ளியிருந்த கட்டடத்தைப் பார்த்து, "ஒன் ஹாட் காஃபி, நோ ஷுகர்" என்றார். காபி தயாராக இருந்தது. முன்னால் நின்ற மூன்று கார்களுக்கும் அதையே கொடுத்திருந்தார்கள்.

தினமும் காலை பத்து மணிக்குக் கோமதி வீட்டு கராஜில் குரல் பயிற்சி. ஒருநாள் அடுத்த வீட்டு அம்மையார் பயந்துபோய் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். கோமதி ஆபீஸில் இருந்தாள். மூன்று தெரு தள்ளி வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என்னைப் போகச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கிள் மூன்றாவது தடவையாகச் செத்துக்கொண்டிருந்தார். வாளால் சாவதற்கும் விஷத்தால் சாவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இளம் போலீஸ்காரருக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஹி இஸ் வெரி குட்" என்றார். நான் ஆமோதித்தேன். உயிர் போய்விட்டதால் அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என்னைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். வேறு வழியில்லை, குற்றவாளி நான்தான். பகலில் ஒரு மருந்து கம்பெனிக்கு டேட்டாபேஸ் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை சங்கத்துக்கு நாடகம் எழுதி, இயக்கி, இடையில் ஒரு நல்ல வேஷமாகப் பார்த்து நடித்தும்விடுகிறேன். இரண்டு துறையிலும் என் திறமை ஒன்றுதான். தப்பு நேர்ந்தால் யாருக்கும் தெரியாமல் மூடிவிடுவேன்.

அங்கிள் என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிடுவார். அவர் குழுவில் நாடகம் எழுதுகிறவருக்கு அதுதான் மரியாதையாம். எழுபத்தெட்டு வயதுக்காரர் நாற்பத்தாறு வயது டேட்டாபேஸ் ஆசாமியை எல்லோர் முன்னாலும் 'வாத்தியாரே' என்று அந்தக் குரலில் கூப்பிட்டால் கூச்சமாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லலாம். நான் சொல்லவில்லை. நன்றாக இருந்தது.

அந்த வருஷம் ஊர் நூலகத்தில் வியாழக்கிழமை மத்தியானம் முதியவர்களுக்காகப் பழைய வெளிநாட்டுப் படங்கள் போட்டார்கள். கோமதியின் வேண்டுகோளின்படி அங்கிளை அழைத்துக்கொண்டு போனேன். ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங், மறு காதில் ஜெர்மன் மொழி. கறுப்பு வெள்ளைப் படம். யுத்தம் முடிந்து ஊரே கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. ஒரு கிழ நாடக நடிகர் பாதிக் கூரை போன தியேட்டருக்குத் திரும்பி வருகிறார். அவருடைய ராஜா வேஷத்தை ஒரு இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவருக்குக் கடிதம் கொண்டுவரும் தூதன் வேஷம். நான் பார்த்தது அவ்வளவுதான். பிறகு தூங்கிவிட்டேன். மீட்டிங்கிலும் நான் அந்த இடத்தில்தான் தூங்குவது வழக்கம்.

அங்கிள் கீழே ஓடிய ஆங்கில வரிகளை ஒன்றுகூடப் படிக்கவில்லை. "எழுத்தைப் படிச்சுட்டிருந்தா மூஞ்சியை எப்பப் பாக்கறது?" என்றார். வரும் வழியில் கதை சொன்னார். "ஆளுக்கு வசனம் மறந்துபோகுதுன்னு மேடைக்கு அடியில ஒருத்தனை உக்கார வெச்சு ஒவ்வொரு வரியா எடுத்துக் கொடுக்கச் சொல்றாங்க வாத்தியாரே. கடைசி சீன்ல இவர் வந்து நிக்கறார். கீழேர்ந்து அவன் எடுத்துக் கொடுக்கறான். இவர் பேசலை. கடுதாசியை மடிச்சு வெச்சுட்டு இறங்கிப் போயிடறார்."

"பாவம், மறந்துட்டார்" என்றேன், சிக்னலைப் பார்த்தபடி.

"மறக்கலை. அடுத்தவன் வாயால வர்றது வேணாம்னு விட்டுட்டார்."

"ம்ம்" என்றேன். பச்சை விழுந்துவிட்டது.

அடுத்த வாரமே அந்தப் படத்தின் டிவிடியை நூலகத்திலிருந்து எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். "ரெண்டாம் பாதி பாருங்க வாத்தியாரே. நீங்க தூங்கினது." மேஜைமேல் மூன்று வாரம் இருந்தது. அதன்மேல் காபி டம்ளர் வைத்தேன். பிறகு பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, பார்த்துவிட்டதாகச் சொன்னேன். பிரமாதம் என்றும் சொன்னேன்.

இந்த நிலையில்தான் என் நாடகம் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், இந்தக் கட்டுரைக்கு இருக்கிற வெட்கமே போதும். ஆறு மாத விசாவில் வந்த அப்பாவை எப்படித் திருப்பி அனுப்புவது என்று மகன் தவிக்கும் நகைச்சுவை நாடகம். கடைசிக் காட்சியில் ஏர்போர்ட்டில் பெட்டியோடு நின்று அப்பா ஒரு பக்கம் பேசுகிறார். அதை எழுதும்போது நான் அழுதேன். நான் எழுதியதற்கு நானே அழுவது எனக்குப் பழக்கம்தான்.

அப்பா வேஷம் அங்கிளுக்கு. கோமதியின் கணவருக்கு டெக்சாஸில் எண்ணெய் கம்பெனி வேலை கிடைத்து, அடுத்த மாதம் குடும்பமே சுகர் லேண்டுக்குப் போவதாக இருந்தது. "அங்க போனா யாரையும் தெரியாது. இதான் கடைசி வாத்தியாரே" என்றார். "மத்ததை எல்லாம் என்ன வேணாப் பண்ணிக்கங்க. அந்த ஒரு பக்கத்தை மட்டும் என் வாயால பேசிடறேன்."

அவர் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. அமெரிக்கத் தமிழ் நாடகத்தில் ஒரு ரகசியம் உண்டு. மேடையில் யாரும் பேசுவதில்லை. ஒரு மாதம் முன்பே யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் எல்லா வசனத்தையும் பார்த்துப் படித்து ரெக்கார்ட் செய்துவிடுவோம். விழா அன்று ஸ்பீக்கரில் அது ஓடும், நாங்கள் வாயை அசைப்போம். பிராஜெக்ட், டேகேர், ஃப்ரீவே என்று அலைகிறவர்கள் வசனத்தை எங்கே மனப்பாடம் செய்வது? இதை அங்கிளிடம் முதலில் சொன்னபோது, "அப்ப மேடைக்கு ஏன் வர்றீங்க?" என்றார். டீ குடித்தோம்.

ஒலி பார்ப்பது செந்தில். நல்ல பையன், நாற்பது வயது. "அங்கிள் சீனுக்கு டிராக்கை நிறுத்தி வெக்கறேன். அவர் லைவா பேசட்டும். முடிச்சதும் கன்டினியூ பண்ணிக்கலாம்" என்றான். அங்கிளுக்குப் பரம சந்தோஷம்.

ஆனால் ஒத்திகையில் அந்த ஒரு பக்கம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊருக்குப் போனது. ஒருநாள் பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறது என்பதுவரை சரியாக வந்து, அங்கிருந்து அப்படியே பாண்டிய நாட்டுக்குத் திரும்பி, "படை புறப்படட்டும்" என்று முடித்தார். மகனாக நடித்த பல் டாக்டர் புறப்படுவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். இன்னொரு நாள் பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. ஒன்றும் வரவில்லை. "வந்துடும், வந்துடும்" என்று எங்களுக்கு அவரே ஆறுதல் சொன்னார்.

விழாவுக்கு ஐந்து நாள் முன்பு, பெண்டாட்டி கடைக்குப் போயிருந்த நேரத்தில், குளிர்கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெளிச் சத்தம் கேட்காத இடம் அதுதான். அங்கிளின் குரலில், அதாவது அங்கிளின் குரல் என்று நான் நம்பிய ஒன்றில், அந்த ஒரு பக்கத்தையும் போனில் ரெக்கார்ட் செய்தேன். செந்திலிடம் அனுப்பினேன்.

"அங்கிளுக்குத் தெரியுமாண்ணே?"

"அவசரத்துக்கு மட்டும்தான்டா. அவர் பிளாங்க் ஆயிட்டா நான் கையைத் தூக்கறேன், நீ பிளே பண்ணு. நானூறு பேர் முன்னாடி அவர் அசிங்கப்படக் கூடாதில்ல?"

அவர் அசிங்கப்படக் கூடாது என்பதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் நாடகம் அசிங்கப்படக் கூடாது. இதை இப்போது எழுதும்போதுகூட முதல் காரணத்தையே எழுதிவிடலாமா என்று ஒரு சபலம் வருகிறது.

விழா நாள். கடைசிக் காட்சி. அங்கிள் பெட்டியோடு வந்தார், கீழே வைத்தார். செந்தில் டிராக்கை நிறுத்தினான். அங்கிள் மகனைப் பார்த்தார். முதல் வரி, "பெட்டியைக் கட்டிட்டேன்டா." அதைச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஓரத் திரைக்குப் பின்னால் எண்ண ஆரம்பித்தேன். மூன்று, நான்கு. யாரோ இருமினார்கள். ஐந்து, ஆறு. கம்ப்யூட்டரில் ஏழு விநாடி ஒன்றும் அசையாவிட்டால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

கையைத் தூக்கினேன்.

அதே கணத்தில் அங்கிள் வயிற்றிலிருந்து மூச்சை எடுத்துப் பேச ஆரம்பித்தார். "பெட்டியை" என்பது இரண்டு குரலில் கேட்டது. ஒன்று மேடையிலிருந்து, இன்னொன்று இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும். "கட்டிட்டேன்டா" ஸ்பீக்கரில் மட்டும்.

அங்கிள் ஜனங்களைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு விநாடி இருக்கும். நான் தூக்கிய கையை இறக்கவில்லை, இறக்கத் தோன்றவில்லை, போக்குவரத்து போலீஸ்காரர் மாதிரி நின்றேன். அவர் மகன் பக்கம் திரும்பினார். உதட்டை அசைக்க ஆரம்பித்தார்.

அந்த மாதிரி உதட்டசைவு எங்கள் சங்க வரலாற்றிலேயே கிடையாது. எங்கே நான் மூச்சு விட்டேனோ அங்கே அவர் தோள் இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் அலமாரிக்குள் எனக்கு மூச்சு முட்டி எச்சில் விழுங்கியிருந்தேன். அந்த இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எச்சில் விழுங்கியது அழுகையாகிவிட்டது. நானூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடைக்குப் பின்னால் வந்து ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்தார்கள். "அங்கிள், அந்த வாய்ஸ் இன்னும் அப்படியே இருக்கு அங்கிள்." அவர் ஒவ்வொருவருக்கும் கும்பிட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

கூட்டம் போனபின் ஈரத் துணியால் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், அது வரவில்லை. பிளாங்க்.

"நல்லா இருந்தது தம்பி" என்றார். "நடுவுல ஒரு இடத்துல மூச்சு வாங்கிட்டீங்க. நான் சமாளிச்சுட்டேன்."

பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி, "ஆரம்பத்துல கொஞ்சம் விட்டுட்டுத்தான் பேசணும். அதுக்குத்தான் நின்னேன்" என்றார்.

மறக்கவில்லை. அதற்குத்தான் நின்றாராம். ஆனால் என்னைக் கொன்றது அந்த வரி இல்லை, முதல் வரி. அதுவரை வாத்தியாராக இருந்தவன், அன்றைக்குத் தம்பியாகிவிட்டேன்.

காரில் திரும்பும்போது மனைவி கேட்டாள். "அது உங்க குரல்தானே?"

"எது?"

"பதினாறு வருஷமா 'கிளம்பிட்டேன், பக்கத்துலதான் இருக்கேன்'னு அந்தக் குரல்தான் போன்ல சொல்லுது. எனக்குத் தெரியாதா?" கொஞ்ச தூரம் போனதும், "அங்கிளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டாமல் விட்டது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் நூலகத்தில் போய் அந்தப் படத்தை எடுத்துவந்து இரண்டாம் பாதியைப் பார்த்தேன். அங்கிள் சொன்னது அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது. மேடைக்கடியில் ஒருவன் எடுத்துக்கொடுக்க, கிழவர் வாயைத் திறக்காமல் கடிதத்தை மடிக்கிறார். ஒரே ஒரு வித்தியாசம். படத்துக் கிழவர் இறங்கிப் போய்விட்டார், நாடகம் பாழானால் அவருக்கென்ன. அங்கிளும் போயிருக்கலாம். போயிருந்தால் என் நாடகம் அங்கேயே படுத்திருக்கும். எடுத்துக்கொடுத்தவனின் மானத்துக்காக நின்று வாயசைத்த நடிகரை அந்த ஜெர்மன்காரர்கள் பார்த்ததில்லை.

அவர்கள் வீடு காலி செய்த அன்று மன்னிப்புக் கேட்பது என்று போனேன். கேட்பதற்குப் பதிலாக சோபா தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கோமதி சொன்னாள். "டிராமா அன்னிக்குக் காலைல ஸ்கிரிப்டைக் கையில வெச்சுக்கிட்டு நானே செக் பண்ணேன். ஒரு வார்த்தை விடலை தெரியுமா? ஸ்டேஜ்லயும் அப்படியே வந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ் உங்களுக்கு."

நான் இன்னொரு சோபா இருக்கிறதா என்று கேட்டேன்.

இரண்டு வருஷம் ஓடியது. ஆபீஸ் வேலையாக ஹூஸ்டன் போனபோது வாடகைக் காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் சுகர் லேண்டுக்குப் போனேன். வெயில் நேரம். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கோமதி காபி போட உள்ளே போனதும், "அங்கிள், அன்னிக்கு நான் பண்ணது தப்பு" என்றேன்.

காதருகே கையை வைத்தார். "கேக்கலை."

"சாரி அங்கிள்."

"கடைசி வரிசைக்குக் கேக்கலை" என்றார். கையை நீட்டித் தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். நான் போனேன். அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நான்தான் கையைத் தூக்கினேன் அங்கிள். என்னை மன்னிச்சிருங்க."

என் வாழ்க்கையில் நான் எழுதாமல் பேசிய ஒரே வசனம் அது. தொண்டை கிழிந்தது. கோமதி கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். "என்னப்பா, எதுக்கு மன்னிப்புக் கேக்கறார்?"

"ஒண்ணுமில்லம்மா, ரிகர்சல்" என்றார் அங்கிள். பிறகு தெருவைத் தாண்டி என்னைப் பார்த்து, "மூச்சு வயித்துலேர்ந்து வரணும் வாத்தியாரே" என்றார்.

வாத்தியாரே. அஞ்சல் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கார்வரை வந்து வழியனுப்பும்போது கோமதி சொன்னாள். "அப்பாவுக்கு இப்ப காது சுத்தமாப் போச்சு. மெஷின் வெக்கச் சொன்னா, காதுக்கு மைக்கான்னு சண்டை போடறார். ஆளும் சரியா ஞாபகம் இல்லை. மெயில்மேனைக்கூட வாத்தியாரேன்னுதான் கூப்பிடறார்."

ஆகவே, அன்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதா, என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாரா, அல்லது யாரோ ஒரு ஆசாமி வெயிலில் நின்று கத்துவதைப் பார்த்து மூச்சுக்கு யோசனை சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. வாத்தியார் பதவி எனக்குத் திரும்பிக் கிடைத்ததா, மெயில்மேனோடு பங்கு போட்டுக்கொள்கிறேனா என்பதும் தெரியாது.

கோமதி, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று தெரியும். அன்று மேடையில் கேட்டது உங்கள் அப்பாவின் குரல் இல்லை என்பது உங்களுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, கொஞ்சம் விட்டு, சத்தமாக. மைக் வேண்டாம்.